ஊர்வலம் போதுமா? தற்கொலைத் தடுப்பில் ஊராட்சி செய்யக்கூடியவை

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஊராட்சி வார்டு உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் ஊரில் ஒரே ஆண்டில் இரண்டு பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். இன்னொருவர் காப்பாற்றப்பட்டு வீடு திரும்பியிருக்கிறார். செப்டம்பர் 10, தற்கொலைத் தடுப்பு நாளில் ஊர்வலம் நடத்தலாம் என்கிறார்கள். ‘இது சுகாதாரத் துறை வேலை, நமக்கெதுக்கு’ என்று சொல்பவர்களும் உண்டு. ஊராட்சி உருப்படியாக என்ன செய்யலாம்?

பதில்: ஊர்வலம் நடத்துவதில் தப்பில்லை. ஆனால் பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் அட்டை பிடித்து நடக்கவைத்து, போட்டோ எடுத்து பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்துக்கு அனுப்பினால் அது அன்றோடு முடிந்துவிடும். உங்கள் நேரமும் பணமும் முதலில் போக வேண்டியது, வீடு திரும்பியிருக்கிறாரே, அவரிடம்.

ஒருமுறை முயன்றவருக்கு மறுபடி அந்த ஆபத்து வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சில வாரங்களும் மாதங்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டியவை. ஊர் அந்த வீட்டுப் பக்கம் போகக் கூசுவதும் சரியாக அந்தக் காலத்தில்தான். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில், சென்னை உட்பட ஐந்து இடங்களில் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. முயன்று பிழைத்த 1,867 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பகுதியினரிடம் வழக்கமான சிகிச்சையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். அப்புறம் 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். அவ்வளவுதான். இவர்களில் 0.2 சதவீதம் பேர் பின்னர் தற்கொலையால் இறந்தார்கள். அப்படி விசாரிக்கப்படாதவர்களில் 2.2 சதவீதம்.

இதை உங்கள் ஊரில் செய்ய ஆள் ஏற்கெனவே இருக்கிறார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை கொடுக்க வரும் பெண் தன்னார்வலர் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அக்கம்பக்கத்தில் ‘என்ன விஷயம்’ என்று யாரும் கேட்கப்போவதில்லை. கிராம சுகாதார செவிலியரும் அப்படியே. போனவுடன் ‘பிள்ளைங்கள நெனச்சுப் பார்த்தியாம்மா’ என்று ஆரம்பிக்கக் கூடாது. சாப்பாடு, தூக்கம், வேலை என்று பேசிவிட்டு, ‘மறுபடி அந்த எண்ணம் வருதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் எண்ணம் தூண்டப்படும் என்று பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை, பெரும்பாலானவர்களுக்குப் பேச ஓர் ஆள் கிடைத்த நிம்மதிதான் வரும். ‘ஆமாம்’ என்றால் அவரைத் தனியே விடாமல், பக்கத்தில் இருந்தபடியே 14416ஐ அழைத்துப் பேசவைக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த இலவச மனநல எண்ணுக்குத் தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். அரசின் சுகாதார உதவி எண்ணான 104லும் ஆலோசனை உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் யாரும் இல்லாதவரைக் கூட்டிப்போக ஒரு ஆட்டோவுக்கு ஏற்பாடு செய்து தருவதும் ஊராட்சி செய்யக்கூடியதே.

அடுத்தது பூச்சிமருந்து. கோபத்திலோ அவமானத்திலோ எழும் வேகம் பல நேரங்களில் சிறிது நேரத்தில் தணிந்துவிடும்; அந்த நேரத்தில் கைக்கெட்டும் இடத்தில் விஷம் இருந்தால்தான் உயிர் போகிறது. வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள் இலங்கையில். 180 கிராமங்களில் நடந்த அந்தப் பெரிய ஆய்வின் முடிவு 2017இல் வந்தது: பலன் தெரியவில்லை. சாவி வீட்டிலேயேதானே இருக்கும்! அதே இலங்கையில் கொடிய நச்சு மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு தற்கொலை விகிதம் 1995இல் இருந்த உச்சத்திலிருந்து பெருமளவு இறங்கியது. தடை உங்கள் அதிகாரத்தில் இல்லை. மாநில, மத்திய அரசுகளின் கையில் இருக்கிறது. ஆனால் மருந்தை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோகலாம். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சிநேகா அமைப்பைச் சேர்ந்தவர்கள் இரண்டு கிராமங்களில் பொதுச் சேமிப்பு அறை கட்டி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெட்டி கொடுத்தார்கள். பலன் நல்லபடியாகவே தெரிந்தது. ஆய்வு சின்னது, அதனால் மந்திரம்போல் நம்ப வேண்டாம். என்றாலும் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் ஓர் அறை கிடைத்தால் இதை நான் முயன்றுபார்ப்பேன். தெளிக்கப் போகும்போது அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்துப்போகலாம், மிச்சத்தைத் திரும்ப வைக்கலாம். விவசாயிகள் முதலில் முணுமுணுப்பார்கள். அறை வயலுக்குப் போகும் வழியில் இருந்தால் முணுமுணுப்பு குறையும்.

பேனர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் கசப்பாக இருந்தாலும். இறந்த இளைஞரின் படத்தைப் பன்னிரண்டு அடிக்கு அச்சடித்துப் பேருந்து நிறுத்தத்தில் வைக்கிறோம். ‘கண்ணீர் அஞ்சலி’, கீழே நண்பர்கள் முப்பது பேரின் படங்கள். மாதக்கணக்கில் அது அங்கேயே வெளிறிக்கொண்டு நிற்கிறது. ஏற்கெனவே மனம் உடைந்திருக்கும் ஒரு பதினேழு வயதுப் பையன் தினமும் அதைப் பார்த்தபடி பஸ் ஏறுகிறான். செத்தால்தான் ஊர் நம்மைக் கொண்டாடும் என்று அவனுக்குத் தோன்றலாம். இறந்த விதம், கடைசி வீடியோ, கடிதம் எல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றினால் ஆபத்து இன்னும் கூடும். பேனருக்கு அனுமதி இருக்கிறதா, என்றைக்கு அகற்றுவார்கள் என்று ஊராட்சி கேட்கலாம். துக்க வீட்டில் அதைச் சொல்ல நல்ல ஆள் வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேரத்தைக் கடத்தும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்களுக்குத் தெரிய வேண்டியது இது: முயற்சியையே குற்றமாக்கிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரைப் பணியவைப்பதற்காகச் செய்யும் முயற்சிக்கு மட்டும் தனிப் பிரிவு இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி. (போலீசுக்குத் தகவல் தரும் மருத்துவ-சட்டப் பதிவு) பதிவார்கள், போலீஸ்காரர் வந்து விசாரிப்பார். அதைக் கைது என்று நினைத்து நடுங்க வேண்டாம்.

‘சுகாதாரத் துறை வேலை’ என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. கிராம சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழுவுக்கு ஊராட்சித் தலைவர்தான் தலைவர். செவிலியரும் அதில் இருக்கிறார். அடுத்த கூட்டத்தில் இந்த ஒரே பொருளை வையுங்கள். மாவட்ட மனநலக் குழுவை ஊருக்கு அழைப்பது, சேமிப்பு அறைக்கு இடம், பேனர் கட்டுப்பாடு ஆகிய மூன்றையும் கிராம சபைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம். அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்பே செவிலியரிடமும் கூட்டுறவுச் சங்கச் செயலாளரிடமும் பேசி வைத்துவிட்டால் அன்றைக்கு விவாதம் சுலபமாக முடியும். ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: யார் முயன்றார், எந்த வீடு, என்ன காரணம் என்பது கூட்டத்திலும் வரக் கூடாது, தீர்மானப் புத்தகத்திலும் வரக் கூடாது.