தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிகிறதா உங்கள் நிறுவனம்?

சிறுதொழில்: கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் மூவர் சேர்ந்து, சிறு நிறுவனங்களுக்குக் கணக்கெழுதித் தரும் தொழிலை நடத்துகிறோம். பழைய வாடிக்கையாளர்கள் எவரும் விலகவில்லை. ஆனால் புதியவர்கள் வருவது அரிதாக இருக்கிறது. சமூக ஊடகங்களில் நாள்தோறும் பதிவிட்டும் விசாரிப்பவர் இல்லை. எங்கள் பெயர் வெளியில் தெரிய என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த அன்றாடப் பதிவுகளை நிறுத்திவிடலாம். வாழ்த்துப் படங்களையும் பொன்மொழிகளையும் பார்த்துவிட்டு எவரும் தம் கணக்குப் புத்தகங்களை இன்னொருவரிடம் ஒப்படைப்பதில்லை. வரித்துறையிலிருந்து அறிவிப்பு வரும்போதோ, வங்கியில் கடன் கேட்கும்போதோ, இருந்த கணக்கர் வேலையை விட்டுப் போகும்போதோதான் ஒரு நிறுவனத்தார் புதிய கணக்காளரைத் தேடுகிறார். அப்போது அவர் யாரிடம் போய், "நல்ல ஆள் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்பார் என்பதை யோசித்துப் பாருங்கள். வங்கியின் கடன் பிரிவு அலுவலர், வழக்கறிஞர், கணக்கு மென்பொருள் விற்பவர், வணிகர் சங்கச் செயலாளர் என்று ஒரு சிறு பட்டியல் கிடைக்கும். பல்லாயிரம் பேருக்கு உங்கள் பெயர் தெரிவதைவிட, இந்தப் பட்டியலில் உள்ள இருபது, முப்பது பேருக்கு அது உடனே நினைவுக்கு வருவதே உங்கள் தொழிலுக்குப் பயன்படும்.

ஆனால், "எல்லா வகைக் கணக்குகளும் பார்த்துத் தருவோம்" என்று சொல்பவரை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. உங்கள் இப்போதைய வாடிக்கையாளர்களில் எந்தத் தொழிலைச் சேர்ந்தவர்கள் அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். கட்டட ஒப்பந்ததாரர்கள் அதிகம் என்றால், ஒப்பந்ததாரர் கணக்கில் தேர்ந்தவர்கள் என்றே உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். பிற தொழிலினரை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் எழுவது இயல்பே. தெரிந்தவர் சொல்லி வரும் பிற தொழிலினரை நீங்கள் திருப்பி அனுப்பப் போவதில்லை.

அடுத்து, அந்தத் தொழிலினர் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களைக் குறித்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் விற்பனை வாடை வீசாத தெளிவான விளக்கம் எழுதுங்கள். பிரான்சில் மோட்டார் வாகனங்களே அரிதாக இருந்த 1900ஆம் ஆண்டில், டயர் உற்பத்தியாளரான மிஷலின் நிறுவனம், டயர் மாற்றும் முறை, எரிபொருள் கிடைக்கும் இடம், தங்கும் விடுதி ஆகிய விவரங்களைத் தொகுத்து, வாகன ஓட்டிகளுக்கு இலவசக் கையேடாக வழங்கியது. பயணம் கூடினால் டயர் தேய்வும் கூடும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் கையேட்டைப் பெற்றவருக்கோ அது வழித்துணையாக இருந்தது. உங்கள் விளக்கங்களும் அப்படி, உங்களை அமர்த்தாதவருக்கும் பயன்பட வேண்டும். அவற்றையே சங்கக் கூட்டத்தில் அரை மணி நேர உரையாகவும் நிகழ்த்தலாம். உரை முடிந்ததும் ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்து, அதன் அடியில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் அச்சிட்டால் போதும்.

பத்திரிகையாளர்களை அணுகும்போதும் இதே அணுகுமுறைதான். உங்கள் நிறுவனத்தின் ஆண்டு விழா அவர்களுக்குச் செய்தி அன்று. வரி விதி ஒன்று மாறும் நாளில், அதை எளிய மொழியில் விளக்கக்கூடியவரே அவர்களுக்குத் தேவை. அன்றைய தினம் தொலைபேசியை உடனே எடுப்பவரை அடுத்த முறையும் அழைப்பார்கள். வாடிக்கையாளரின் கணக்கு விவரம் எதுவும், பெயரை மறைத்துக்கூட, அவர் இசைவின்றி உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது என்பதை நான் தனியே சொல்ல வேண்டியதில்லை.

புதிதாக விசாரிக்கும் ஒவ்வொருவரிடமும், "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டு, பதிலை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். ஓராண்டுக்குப் பின் எந்த முயற்சியைத் தொடரலாம், எதை விடலாம் என்று அந்தக் குறிப்பேடே காட்டும்.

கேள்வி: கூகுளில் எங்கள் நிறுவனத்துக்கு மிகக் குறைவான மதிப்புரைகளே உள்ளன. கட்டணம் பெற்றுக்கொண்டு நூறு நல்ல மதிப்புரைகள் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். போலி மதிப்புரைகளையும், பணமோ தள்ளுபடியோ கொடுத்துப் பெறும் மதிப்புரைகளையும் கூகுளின் விதிகள் தடை செய்கின்றன. கண்டுபிடிக்கப்பட்டால் அவை நீக்கப்படும். அமெரிக்காவில் போலி மதிப்புரைகளை வாங்குவதையும் விற்பதையும் தடை செய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரே வாரத்தில் ஒரே நடையில் குவிந்த பாராட்டுகளை வாசகர்கள் எளிதில் இனங்கண்டுகொள்கிறார்கள்.

வேலை முடிந்த உடனேயே, மதிப்புரைப் பக்கத்தின் இணைப்பை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அனுப்பிக் கேளுங்கள். மகிழ்ச்சியோடு இருப்பவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கேட்பதும் கூகுளின் விதிகளுக்கு முரணானது. குறை சொல்லி எழுதியவருக்கு இரண்டு மூன்று வாக்கியங்களில், சினமின்றிப் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலை அவரைவிட, இனி வரப்போகும் வாடிக்கையாளரே கவனமாகப் படிப்பார். உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தொலைவு, பரவலாக அறியப்பட்டிருத்தல் ஆகிய மூன்றையும் கொண்டே நிறுவனங்களை வரிசைப்படுத்துவதாகக் கூகுள் கூறுகிறது. ஆகவே தொழில் வகை, முகவரி, வேலை நேரம் ஆகியவை சரியாக உள்ளனவா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: "சிறந்த தொழில்முனைவோர்" விருதுக்கு எங்களைத் தேர்ந்தெடுத்திருப்பதாகக் கடிதம் வந்துள்ளது. விழாவில் பங்கேற்கக் கட்டணம் கேட்கிறார்கள். ஏற்கலாமா?

பதில்: நடுவர்கள் யார், எத்தனை பேரிலிருந்து எத்தனை பேர் தேர்வானார்கள் என்று கடிதம் எழுதிக் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால், அது விருது அன்று, விளம்பர இடம். அதே தொகையை விளம்பரத்துக்கென்று ஒதுக்கினால் இந்த விழாவில்தான் செலவிடுவீர்களா என்று யோசித்து முடிவெடுங்கள்.