யார் அளந்தது?

அன்புள்ள ஐயா,

நான் வணிகவியல் படித்தவன். நாலைந்து வருடமாக, பொது வாசகர்களுக்கான அறிவியல் நூல்கள்தான் என் வாசிப்பு. பிரபஞ்சம், குவாண்டம், மரபணு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. படிக்கும்போது பிரமிப்பாக இருக்கிறது. மறுநாள் யாருக்கும் விளக்க முடிவதில்லை. சூரிய ஒளி பூமிக்கு வர 8 நிமிடம் 20 நொடி ஆகும் என்று மகளிடம் சொன்னேன். 'யார் அளந்தது?' என்றாள். முழித்தேன். எனக்குக் கணிதம் வராது, அதுதான் காரணமா? பேசாமல் காணொளிகளுக்குப் போய்விடலாமா? நல்ல நூல்களாகப் பத்து சொல்ல முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இத்தனை வருடம் படித்தும் உங்களுக்குத் தோன்றாத கேள்வி அவளுக்கு உடனே தோன்றியிருக்கிறது.

காணொளியா புத்தகமா என்பதெல்லாம் உங்கள் வசதி. கணிதமும் காரணம் இல்லை. நண்பர் ஒருவர் கொடுத்த அறிவியல் நூலைப் படித்துவிட்டு எரிச்சலில் இருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அந்த நூலில் பக்கத்துக்குப் பக்கம் வியப்பு. இத்தனை கோடி விண்மீன்கள், இத்தனை கோடி ஆண்டுகள். எப்படித் தெரியவந்தது என்று ஒரு வரி கிடையாது. அப்படியானால் அதற்கும் புராணத்துக்கும் என்ன வித்தியாசம்? புராணத்தில் கதையாவது நன்றாக இருக்கும்.

உங்கள் 8 நிமிடத்தையே எடுத்துக்கொள்வோம். வியாழனின் நிலவுகளில் ஒன்று ஐயோ. சுமார் 42½ மணி நேரத்தில் வியாழனை ஒருமுறை சுற்றிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் வியாழனின் நிழலுக்குள் போய் மறைந்து வெளியே வரும். கடிகாரம் மாதிரி நடக்க வேண்டிய விஷயம். ஆனால் நடக்கவில்லை. பூமி வியாழனைவிட்டு விலகிப் போகும் மாதங்களில் ஐயோ தாமதமாகத் தலைகாட்டியது. நெருங்கும் மாதங்களில் முந்திக்கொண்டது. நாம் எங்கே நிற்கிறோம் என்று ஐயோவுக்கு என்ன தெரியும்? பாரிஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த டென்மார்க்காரர் ஓலே ரோமருக்குப் பொறி தட்டியது: ஐயோ நேரத்துக்குத்தான் வருகிறது, அதன் ஒளிதான் கூடுதல் தூரம் கடந்து வரவேண்டியிருக்கிறது. 1676 நவம்பர் 9 அன்று ஐயோ 10 நிமிடம் தாமதமாகத் தெரியும் என்று முன்கூட்டியே சொன்னார். அப்படியே ஆனது. அதற்குப் பிறகும் அங்கிருந்த மூத்த வானியலாளர் காசினி ஒப்புக்கொள்ளவில்லை.

பூமியின் சுற்றுப்பாதையை ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்றார் ரோமர். சரியான கணக்கு ஏறத்தாழ 16 நிமிடம் 40 நொடி. சூரியன் நடுவில் இருப்பதால் அதில் பாதிதான் நீங்கள் மகளிடம் சொன்ன எண். கழிக்கவும் பாதியாக்கவும் தெரிந்தால் போதும். இதற்கா கணிதம் வராது என்கிறீர்கள்?

வியப்பு நூல்களை எழுதுகிறவர் முதலில் வெட்டி எறிவது அந்த 22ஐத்தான். சரியான விடை கையில் இருக்கும்போது தப்பான விடை எதற்கு என்று நினைக்கிறார். எனக்கு அந்த 22 வேண்டும், காசினியின் பிடிவாதமும் வேண்டும். அவை இல்லாமல் 8 நிமிடம் 20 நொடியை நான் ஏன் நம்ப வேண்டும்? நூலாசிரியர் சொன்னார் என்பதற்காகவா?

ஜேன் மார்செட் என்ற பெண்மணி விஞ்ஞானி அல்ல. வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் உரைகளைக் கேட்கப் போய், முதலில் சரியாகப் பிடிபடாமல், நண்பரோடு பேசிப் பேசித் தெளிந்தவர். அதே உரையாடல் வடிவில் வேதியியல் நூல் ஒன்றை 1806இல் தன் பெயர் போடாமல் வெளியிட்டார். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்த, பிறகு பெரிய விஞ்ஞானியான மைக்கேல் ஃபாரடே கையில் அது கிடைத்தது. தன்னால் முடிந்த சின்னச் சின்னச் சோதனைகளைச் செய்து பார்த்து, அவை ஒத்துவந்ததால் அந்த நூலைப் பிடித்துக்கொண்டதாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். வாசிப்பு என்றால் அது.

பிற்பாடு இளம் வயதினருக்காக அவர் ஆற்றிய மெழுகுவத்தி உரைகளைப் பள்ளி நாட்களில் நானும் அக்காவும் படித்தோம். மெழுகுவத்தியை மெல்ல ஊதி அணைத்தால் திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை எழும். திரியைத் தொடாமல், சற்று மேலே அந்தப் புகையில் எரியும் தீக்குச்சியைக் காட்டினால் சுடர் புகைவழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகின் ஆவி. அக்காவுக்கு முதல் தடவையே வந்தது. காற்று அசையாமல் இருக்க வேண்டும் என்று எனக்கு உறைப்பதற்குள் தீப்பெட்டி காலி. அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

பத்து நூலா? தரமாட்டேன். ஏற்கெனவே நீங்கள் தேவைக்கு மேல் படித்தாயிற்று. அந்த உரைகள் ஆறுதான். மகளோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துப் படியுங்கள். முடித்த பிறகும் பட்டியல் வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள், அனுப்புகிறேன்.