தராசோடு மலைக்குப் போவது

அன்புள்ள ஐயா,

கொட்டகலைப் பக்கம் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கட்டற்ற மென்பொருள் (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம்) பற்றித் தமிழில் ஒரு மாத இதழ் நடத்துகிறோம். பிடிஎஃப் கோப்பாக வட்ஸ்அப்பில்தான் போகிறது. 7 இதழ் வந்துவிட்டது. கவிதை வருகிறது, "கணினியின் பயன்கள்" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கட்டுரை வருகிறது. தொழில்நுட்பக் கட்டுரை மட்டும் வருவதில்லை. 7 இதழிலும் அதை நானும் நண்பர் ஒருவரும்தான் எழுதினோம், புனைபெயரை மாற்றி மாற்றிப் போட்டு. "ஆக்கங்கள் வரவேற்கப்படுகின்றன" என்று கடைசிப் பக்கத்தில் தவறாமல் அறிவித்தல் போடுகிறோம். வந்த இரண்டு மூன்றையும் தரம் போதாது என்று திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. மலையகத்தில் எழுத ஆள் இல்லையா, எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லையா? பரிசுப் போட்டி வைக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். எட்டாவது இதழோடு நிறுத்திவிடலாம் என்கிறார் இன்னொருவர்.

க., கொட்டகலை

அன்புள்ள க.,

புனைபெயர் விஷயத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். ரோனியோவில் இதழ் போட்ட காலத்தில் நானும் ஒரே மாதத்தில் மூன்று பேராக இருந்திருக்கிறேன். மூன்றாவது ஆளுக்கு ஒரு வாசகர் கடிதம்கூட வந்தது. எனக்கு வரவில்லை.

ஆள் இல்லையா என்று கேட்டீர்கள். போன மாதம் தலவாக்கலையில் ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போனேன், என்னுடைய பழைய கட்டுரை ஒன்றை அச்செடுக்க. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. கடைக் கணினியில் திறந்தால் தமிழையே காணோம், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. (பாமினியில் அடித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அந்த அரைப்புள்ளிதான் நம்முடைய புள்ளி.) கடையில் இருந்த பையனுக்கு 22 வயது இருக்கும். "எழுத்துருவப் போட்டா இங்க மட்டும் தெரியும் சேர், நீங்க அனுப்புற எடத்துல திரும்பவும் இப்பிடித்தான் நிக்கும். எந்தக் கணினியிலயும் தெரியிற யூனிகோடுக்கு மாத்தித் தாரேன்" என்றான். அவன் கணினியில் ஓடியது லினக்ஸ் மின்ட் என்ற கட்டற்ற இயங்குதளம். மாற்றுவதற்குப் பைதான் நிரல்மொழியில் தானே 40 வரி எழுதி வைத்திருந்தான்.

எப்படி என்று கேட்டதுதான் தாமதம், ஒரு பழைய பில்லைத் திருப்பிப் போட்டு விளக்க ஆரம்பித்துவிட்டான். பாமினியில் "கொ" என்பது மூன்று துண்டு: முன்னால் ஒற்றைக் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கோப்பிலும் இருக்கும். யூனிகோடில் க முதலில் வரும், கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகப் பின்னால் வரும். ஆகவே நீளமான சேர்க்கையை முதலில் மாற்றிவிட வேண்டும், ஒற்றை எழுத்தைக் கடைசியில். தலைகீழாகச் செய்தால் கொம்பு பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அவனும் முதலில் தலைகீழாகத்தான் செய்தானாம், ஒரு கல்யாண அழைப்பிதழே நாசமாகியிருக்கிறது. கட்டுரைக்கு நடுவில் நிஜமான ஆங்கிலச் சொல் வந்தால் அதையும் தமிழென்று நினைத்து மாற்றிவிடும் என்பதால், ஒவ்வொரு துண்டும் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும் என்றான். அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வந்த ஒரு பாட்டி பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார். 20 நிமிடம் பேசினான்.

"இத எழுதி வெச்சிருக்கியா தம்பி?"

"எனக்குக் கட்டுரையெல்லாம் எழுத வராது சேர்."

உங்கள் ஐந்தாம் இதழ் அவன் போனில் இருந்தது. கடைசிப் பக்கத்து அறிவித்தலையும் படித்திருக்கிறான். அது தனக்கில்லை என்று நினைத்துக்கொண்டான்.

கட்டுரை என்றதும் நம் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருவது ஓ லெவல் தமிழ்த் தாள்: முன்னுரை, பொருளுரை, முடிவுரை, ஒரு திருக்குறள். "ஆக்கங்கள்" என்பது அதைவிடப் பயங்கரம். "போன வாரம் உங்கள் கணினியில் எது மக்கர் பண்ணியது, எப்படிச் சரிக்கட்டினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அதையும் அறிவித்தலாகப் போட வேண்டாம். ஆளைப் பார்த்து, பெயர் சொல்லிக் கேளுங்கள். பள்ளிக்கூடத்துக் கணினி அறையைப் பார்த்துக்கொள்கிற ஆசிரியர், பழைய மடிக்கணினியைப் பிரித்து ரெம் மாற்றிக் கொடுப்பவர், கொழும்பில் வேலை பார்த்துவிட்டுத் தீபாவளிக்கு வீடு வரும் பிள்ளைகள். குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தாக்குவது உங்கள் வேலை, திருத்துவது அவர்கள் வேலை, பெயர் அவர்களுடையது. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசைத் தொங்கவிட்டுவிட்டுக் கொழுந்து வரவில்லையே என்று உட்கார்ந்திருந்தால் எப்படி வரும்? மலைக்குப் போக வேண்டாமா?

தராசு என்றதும் அடுத்த விஷயம். என் அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் எத்தனை கிலோ எடுத்தேன் என்று சொல்லமாட்டார். இன்றைக்கு நிறையில் எத்தனை கிலோ வெட்டினார்கள் (கழித்தார்கள்) என்றுதான் முதல் பேச்சு. ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு, முற்றல் இலைக்கு இவ்வளவு. 30 வருடம் கழித்தும் அவர் எடுத்த கிலோ எனக்கு ஞாபகமில்லை, வெட்டிய கிலோ ஞாபகமிருக்கிறது. உங்களுக்கு எழுதியவர்களும் நீங்கள் வெட்டியதைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள். அந்த இரண்டு மூன்று பேரும் அவர்களுடைய நண்பர்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தீர்களா?

தரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விக்கிப்பீடியாவுக்கு முன்னால் அதே ஆட்கள் 2000இல் நூபீடியா என்று ஒரு கலைக்களஞ்சியம் தொடங்கினார்கள். துறை அறிஞர்கள் எழுத வேண்டும், கட்டுரை 7 கட்டச் சோதனையைத் தாண்ட வேண்டும். முதல் வருடத்தில் தேறியது 21 கட்டுரை. வாசலைத் திறந்துவிட்டு 2001 ஜனவரியில் விக்கிப்பீடியாவைத் தொடங்கினார்கள், ஒரு வருடம் முடிவதற்குள் கட்டுரைகள் 18,000ஐத் தாண்டின. பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்த ஆட்களும் அதே வாசல் வழியாக வந்தார்கள்.

தொழில்நுட்ப எழுத்தில் தரம் என்று நான் பார்ப்பது ஒன்றைத்தான்: சொன்னபடி செய்தால் வேலை செய்கிறதா? எந்தப் பதிப்பு, என்ன பிழைச் செய்தி வந்தது, எந்தக் கட்டளை கொடுத்தார்கள் என்பது இருக்கிறதா? உங்கள் நால்வரில் ஒருவர் தன் கணினியில் செய்து பார்த்துவிட வேண்டும். ஒற்றுப்பிழையை ஓசையில்லாமல் நீங்களே திருத்திவிடுங்கள். நம்மாள் "மாத்தி" என்று எழுதினால் அதை "மாற்றியமைத்து" என்று ஆக்க வேண்டாம். பதில் இரண்டு நாளில் போகட்டும், "இன்னும் பார்க்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்" என்றாவது போகட்டும். பெடோரா லினக்ஸ்காரர்களின் இதழில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. முழுக் கட்டுரையை யாரும் முதலில் கேட்பதில்லை. என்ன எழுதப்போகிறேன் என்று சுருக்கமாகச் சொன்னால் போதும், ஆசிரியர்கள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் எழுத உட்கார வேண்டும். 8 பக்கம் எழுதிவிட்டு "வேண்டாம்" என்ற பதிலை வாங்குகிற வலி யாருக்கும் இல்லை.

பரிசுப் போட்டி வேண்டாம். "கணினியின் பயன்கள்" இன்னும் 40 வரும்.

பக்கம் நிரம்பாத மாதத்துக்கு ஒரு வழி. தமிழ்நாட்டு நண்பர்கள் 2012 ஜனவரியிலிருந்து நடத்திவரும் கணியம் என்ற இணைய இதழில் கட்டுரைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. எழுதியவர் பெயரோடு, அதே உரிமத்தில் நீங்களும் எடுத்துப் போடலாம். உங்கள் இதழுக்கும் அதே உரிமத்தை வைத்தால் உங்கள் ஆட்கள் எழுதியது அங்கேயும் போகும். தலவாக்கலைப் பையன் எழுதியதை மதுரையில் ஒருவர் படித்துச் சந்தேகம் கேட்டால், அடுத்ததை எழுதச் சொல்லி நீங்கள் கெஞ்ச வேண்டியிருக்காது.

ஆனால் கடன் வாங்கியே இதழை ஓட்டாதீர்கள், நாம்தான் எழுத வேண்டும் என்று சில விஷயங்கள் இருக்கின்றன. சஹானா என்று ஒரு மென்பொருள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் சில வாரங்களுக்குள் இந்த நாட்டு மென்பொருள்காரர்கள் தன்னார்வமாகச் சேர்ந்து எழுதியது. காணாமல் போனவர்களின் பதிவு, முகாமில் இருப்பவர்களின் பதிவு, நிவாரணப் பொருள் கணக்கு எல்லாம் அதில் உண்டு. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை அதற்குத்தான் கொடுத்தது. 10 வருடம் கழித்து, 2014 அக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. உள்ளே எத்தனை பேர் என்று நாள்கணக்கில் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். மழைக்காலத்தில் ஒரு தோட்டத்துக்கு என்ன பதிவு வேண்டும், யார் கையில் இருக்க வேண்டும், கரண்ட் இல்லாதபோது அது எப்படித் திறக்கும் என்று சஹானாவை வைத்துக்கொண்டு தமிழில் ஒருவர் எழுதட்டும். அவர் பதுளைக்காரராக இருந்தால் நல்லது.

இன்னொன்று ஓபன்ஸ்ட்ரீட்மேப், யாரும் சேர்த்துத் திருத்தக்கூடிய இணைய வரைபடம். நமது லயங்களில் பலவற்றுக்கு முகவரி கிடையாது, கடிதம் தோட்ட ஆபிசில் வந்து கிடக்கும். தோட்டத்துக்குப் பலகையில் ஒரு பெயர், நம் வாயில் ஒரு பெயர். தோட்டத்தின் பிரிவுகளில் மேல்கணக்கு எது, கீழ்க்கணக்கு எது, அம்புலன்ஸ் எந்த வளைவு வரை ஏறும் என்பது அங்கே பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த வரைபடத்தில் ஒரே இடத்துக்கு ஆங்கிலப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் தனியாகப் பதிய இடம் இருக்கிறது. அப்படி ஒரு பிரிவை, ஒரு டிவிஷனைப் போனில் பதிந்துவிட்டு, எங்கே தடுமாறினேன் என்று ஒருவர் இரண்டு பக்கம் எழுதினால் அதுதான் நீங்கள் கேட்ட தொழில்நுட்பக் கட்டுரை.

தலவாக்கலைப் பையன் சொன்னதைக் கேள்வி-பதிலாக எழுதி அவனிடமே காட்டினேன். மூன்று இடத்தில் நான் தப்பாகப் புரிந்திருந்தேன், திருத்திக் கொடுத்தான். இதோடு வேறாக அனுப்புகிறேன், எட்டாவது இதழுக்கு. அப்பா பெயரின் முதலெழுத்தோடு தன் பெயர் வர வேண்டுமாம். போடுவதற்கு முன் உங்கள் கணினியில் ஓட்டிப் பாருங்கள். ஓர் இடத்தில் இன்னும் முட்டிக்கொண்டு நிற்கிறான்: "ஸ்ரீ". யூனிகோடில் அதை இரண்டு விதமாக எழுத முடிகிறது, பழைய ஸகரத்தை வைத்தும், 2005இல் சேர்த்த ஶகரத்தை வைத்தும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடும்போது "ஸ்ரீபாத" பாதிக் கோப்புகளில் அகப்படுகிறது, பாதியில் இல்லை. உங்கள் நால்வரில் யாருக்காவது வழி தெரிந்தால் அவனுக்கே எழுதுங்கள், எண் அந்தக் கோப்பில் இருக்கிறது.