'இம்ப்ரூவ்' எதை மறுக்கிறது?

கேள்வி: 'இம்பாசிபிள்', 'இம்பர்ஃபெக்ட்' ஆகிய ஆங்கிலச் சொற்களில் 'இம்' என்னும் முன்னொட்டு எதிர்மறைப் பொருள் தருகிறது. அப்படியானால் 'இம்ப்ரூவ்' என்பதற்கு 'நிரூபிக்காதே' என்றல்லவா பொருள் வரவேண்டும்? 'மேம்படுத்து' என்று வருவது, ஆங்கிலத்துக்கு ஒழுங்கே கிடையாது என்பதைத்தானே காட்டுகிறது?

பதில்: ஆங்கிலத்தின் மீது வழக்குத் தொடுக்குமுன் நல்ல அகராதி ஒன்றைப் புரட்டியிருக்கலாம். 'இம்', 'ப்ரூவ்' என்று நீங்கள் பிரித்ததில் பிழையில்லை. அவ்விரண்டு துண்டுகளும் எங்கிருந்து வந்தவை என்று கொண்டதில்தான் பிழை.

இங்குள்ள 'இம்', இன்மையைக் குறிப்பதன்று; 'எம்பவர்' என்பதில் வரும் 'எம்' போல, ஒன்றை ஒரு நிலைக்கு ஆக்குதலைக் குறிப்பது. அடுத்துள்ள பகுதியோ, ஆதாயம் என்று பொருள்படும் 'ப்ரூ' என்ற பழைய பிரெஞ்சுச் சொல். 1066இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் அங்கே பிரபுக்களிடமும் நீதிமன்றங்களிலும் வழங்கிய பிரெஞ்சில், ஒன்றை ஆதாயம் தரும்படி செய்வதை 'எம்ப்ரூவெர்' என்றார்கள். அது ஆங்கிலத்தில் புகுந்தபோது, அங்கே முன்பே பழகியிருந்த 'ப்ரூவ்' என்பதன் சாயல் ஏறி, இன்றைய வடிவம் பெற்றது. நிரூபித்தலுக்கும் இதற்கும் உள்ள உறவு ஒலியளவில்தான்.

ஆதாயம் என்றால் அக்காலத்தில் பெரும்பாலும் நிலத்தின் ஆதாயம். இதே 'ப்ரூ'விலிருந்து பிறந்த 'அப்ரூவ்' என்றொரு சட்டச்சொல்லும் உண்டு. ஒப்புதல் தரும் 'அப்ரூவ்' வேறு. குடிகளுக்குப் போதிய மேய்ச்சலை விட்டுவைத்தால், எஞ்சிய தரிசைப் பிரபு தன் பயனுக்கு வளைத்துக்கொள்ளலாம் என்று 1235ஆம் ஆண்டின் மெர்ட்டன் சட்டம் அனுமதித்த செயலுக்கு அதுவே பெயர். பிற்காலத்தில் பொதுநிலங்களை வேலியிட்டு அடைத்தவர்களும் தங்கள் செயலை 'இம்ப்ரூவ்மென்ட்' என்றே அழைத்தார்கள். பிரபுவின் வருவாய் உயர்ந்தது என்ற அளவில் அது சொல்லின் மூலப்பொருளுக்குப் பொருத்தமான பெயர்தான். மாடு மேய்க்க இடமிழந்தவனை யாரும் கேட்கவில்லை.

தரத்தை உயர்த்துதல் என்ற பொதுப்பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. இயற்கை அறிவை 'இம்ப்ரூவ்' செய்வதற்கான சங்கம் என்று லண்டன் ராயல் சொசைட்டி 1663ஆம் ஆண்டின் சாசனத்தில் பெயர் பெற்றது. ஆனாலும் பழைய பொருள் உடனே போய்விடவில்லை. ஆங்கிலப் பாடலாசிரியர் ஐசக் வாட்ஸ் 1715இல் வெளியிட்ட சிறுவர் பாடலில் தேனீ ஒளிமிக்க ஒவ்வொரு மணிநேரத்தையும் 'இம்ப்ரூவ்' செய்கிறது. அதாவது, வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்கிறது.

உங்களுக்கு ஆறுதலாக ஒன்று சொல்லலாம். மறுத்தல், கண்டித்தல் என்ற பொருளில் லத்தீனிலிருந்து வந்த வேறொரு 'இம்ப்ரூவ்' ஆங்கிலத்தில் முன்பு இருந்தது. அதன் 'இம்' நீங்கள் கருதிய எதிர்மறை முன்னொட்டேதான். 16ஆம் நூற்றாண்டில் விவிலியத்தை மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேல், தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தில் கண்டித்துப் பேசு என்னும் இடத்தில் அதைக் கையாண்டார். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பு அதே இடத்தில் 'ரிப்ரூவ்' என்று எழுதியது; பழைய சொல் பின்னர் வழக்கொழிந்தது. உங்கள் கேள்வி நானூறு ஆண்டுகள் தாமதமாக வந்திருக்கிறது.