மூச்சுத் திணறலும் 116 கிலோ எடையும்: அறுவை சிகிச்சைக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் வசிக்கிறேன். வயது 49, உயரம் 155 செ.மீ., எடை 116 கிலோ. பல வருடங்களாக ஆஸ்துமா என்று இன்ஹேலர் எடுக்கிறேன். போன குளிர்காலத்தில் மூச்சுத் திணறி ஐசியூவில் இருந்தேன். அதிலிருந்து இரவில் வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொள்கிறேன். இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்தால் மூச்சு சரியாகும் என்கிறார் ஒரு மருத்துவர். இந்த நுரையீரலுக்கு மயக்க மருந்தே ஆகாது என்கிறார் இன்னொருவர். நான் என்ன செய்வது?

பதில்: நீங்கள் எழுதியதில் நான் தேடிய ஓர் எண் இல்லை. பகலில், விழித்திருக்கும்போது, உங்கள் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்கிறது? ஐசியூவில் மணிக்கட்டுத் தமனியிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்த்திருப்பார்கள். ஆனால் அது உடல்நிலை மோசமாக இருந்த நேரத்து அளவு. தேறிய பிறகு அதே பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும். அறுவை சிகிச்சை பற்றிய பேச்சே அதற்குப் பிறகுதான்.

உங்கள் உடல் நிறை எண் சுமார் 48. இந்த எடையில் வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, மார்புக்கூடு விரியச் சிரமப்படுகிறது, படுத்தால் சிரமம் இன்னும் கூடுகிறது. சிலருக்கு உறக்கத்தில் மூச்சு ஆழமில்லாமல் போய், கார்பன் டை ஆக்சைடு வெளியேறாமல் தேங்குகிறது. நாளடைவில் பகலிலும் அது 45 மி.மீ. (பாதரச அழுத்த அளவு) என்ற எல்லைக்கு மேலேயே நின்றுவிடுகிறது. உரத்த குறட்டை, காலையில் தலைவலி, பகலில் அடக்க முடியாத தூக்கம், கால் வீக்கம் ஆகியவை இதன் அடையாளங்கள். இப்படிப்பட்டவர்கள் ஆஸ்துமா என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் வெறும் இன்ஹேலரோடு காலம் தள்ளுவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்கலாம் என்றே சந்தேகிக்கிறேன்.

அப்படியானால் ஆக்சிஜன் மட்டும் போதாது. ஆக்சிமீட்டர் 96 என்று காட்டும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள், ஆனால் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே இருக்கும். அந்தக் கருவி அதை அளப்பதில்லை. எடையால் மூச்சின் ஆழம் குறையும் இந்த நோய்க்கு உரிய சிகிச்சை, முகமூடி வழியாக அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தி மூச்சுக்குத் துணை நிற்கும் சிபாப் அல்லது பைபாப் இயந்திரம். இதைப் படித்துவிட்டு நீங்களாக ஆக்சிஜனை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் மூச்சுத் திணறலில் எடையின் பங்கு எவ்வளவு, நுரையீரலின் சொந்த நோய் எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டும். தமனி இரத்தப் பரிசோதனை, இரவுத் தூக்கப் பரிசோதனை, குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, இதய எக்கோ ஆகியவற்றோடு டி.எல்.சி.ஓ. பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கு வாயு எவ்வளவு நன்றாகக் கடக்கிறது என்பதை இது காட்டும். எடை கூடியதால் மட்டும் இது பெரும்பாலும் குறையாது. குறைந்திருந்தால் நுரையீரல் திசுவிலோ அதன் இரத்தக் குழாய்களிலோ கோளாறு இருக்கிறதா என்று சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். எய்ம்ஸ், டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனம் போன்ற இடங்களில் இவற்றுக்கு வசதி உண்டு.

எடைதான் முக்கியக் காரணம் என்று தெரிந்தால், அறுவை சிகிச்சை உங்கள் மூச்சுக்கான மருத்துவமே. இந்த நோய் விலக, உடல் எடையில் 25 முதல் 30 சதவீதம் குறைந்து, அந்தக் குறைவு நிலைக்க வேண்டும். உங்களுக்கு அது சுமார் 29 முதல் 35 கிலோ. உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் அவ்வளவு குறைத்து, மறுபடி ஏறாமல் காப்பவர்கள் மிகச் சிலரே. ஆனாலும் உடனே மேசையில் ஏறிப் படுத்துவிடக் கூடாது. சில வாரங்கள் இயந்திரத்தைத் தவறாமல் பயன்படுத்தி, கார்பன் டை ஆக்சைடு இறங்கிய பிறகே தேதி குறிக்க வேண்டும்.

உண்மையிலேயே ஆஸ்துமா என்றாலும் அறுவை சிகிச்சைக்குத் தடை இல்லை, அது கட்டுக்குள் இருந்தால் போதும். ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர் என்றால் அறுவை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், காயம் ஆறுவதை அது தாமதப்படுத்தும். சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய், நுரையீரல் தழும்பு நோய், நுரையீரல் இரத்தக் குழாய்களில் உயர் அழுத்தம் ஆகியவை இருந்தால் கணக்கே வேறு. சிதைந்த நுரையீரல் எடை குறைவதால் மீளாது. வேகமாக இளைக்கும்போது மூச்சுத் தசைகளும் சேர்ந்து கரையக்கூடும். இவர்களுக்கு நான் அவசரப்பட்டுச் சம்மதம் சொல்ல மாட்டேன்.

மயக்க மருந்து ஆகாது என்ற மருத்துவரின் அச்சத்துக்கு அடிப்படை உண்டு. சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையில் வயிற்றுக்குள் நிரப்புவதும் கார்பன் டை ஆக்சைடுதான். அது உதரவிதானத்தை மேலே அழுத்தும், ஒரு பகுதி இரத்தத்திலும் கலக்கும். ஆகவே மயக்கவியல் மருத்துவரைச் சில வாரங்கள் முன்பே சந்தியுங்கள். அறுவை மருத்துவரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: அன்றிரவு தீவிரக் கண்காணிப்பில் என் பைபாப் இயந்திரத்தை வைத்துப் பார்த்துக்கொள்வது யார்? காற்றழுத்தத்தால் தையல் பிரிந்துவிடும் என்று சொல்லி இயந்திரத்தை வேண்டாம் என்பவர்கள் உண்டு. அதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. அப்படிச் சொல்லும் இடத்தில் நான் அறுவை செய்துகொள்ளச் சொல்ல மாட்டேன்.

நெஞ்செரிச்சல் இருக்கிறதா? இரைப்பையைக் குறுக்கிக் குழாய்போல் ஆக்கும் ஸ்லீவ் முறை அதைக் கூட்டக்கூடும். எதுக்களித்து வரும் அமிலம் மூச்சுக்குழாயில் இறங்கினால் இருமலும் இழுப்பும் அதிகமாகும். அப்படிப்பட்டவர்களுக்கு, உணவு இரைப்பையின் பெரும்பகுதியைத் தவிர்த்துக் குடலுக்குப் போகும்படி செய்யும் பைபாஸ் முறை பொருந்துமா என்று பேசிப் பாருங்கள்.

டெல்லிக்காரர்களுக்கு இன்னொன்று: தீபாவளியிலிருந்து ஜனவரி முடியும்வரை, அவசரமில்லாத இந்த அறுவையை வைத்துக்கொள்ளாதீர்கள். காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டும் நாட்களில் ஆரோக்கியமான நுரையீரலே எரிச்சலுறுகிறது. மழைக்காலத்தில் இங்கே காற்று ஓரளவு தெளிவாக இருக்கும். சளி, காய்ச்சல், நெஞ்சுத் தொற்று வந்தால் குறைந்தது ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள்.

அறுவை இப்போதைக்கு முடியாது என்றால் வழி அடைபடவில்லை. 2025 முதல் இந்தியாவில் விற்பனைக்கு வந்துள்ள டிர்செபடைட் ஊசி, உயர்ந்த அளவில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் உடல் எடையைச் சராசரியாக 20 சதவீதம் குறைத்ததை ஆய்வு காட்டியிருக்கிறது. எடையை ஓரளவு இறக்கிவிட்டுப் பிறகு அறுவைக்குப் போகவும் இது உதவலாம். ஊசி போடுபவர் என்பதை மயக்கவியல் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அந்த ஊசியால் இரைப்பை காலியாக நேரமெடுக்கும், மயக்கத்தில் அதிலுள்ளது மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம்.

ஆக, உங்கள் முதல் சந்திப்பு மார்பு நோய் மருத்துவருடன், அதுவும் இந்த வாரமே. அதற்குள் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழுந்தாலோ, பேச்சு குழம்பினாலோ, வீட்டிலிருப்பவர்கள் ஆக்சிஜனைக் கூட்டி வைத்துக் காத்திருக்க வேண்டாம். நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லட்டும்.