கொட்டகையும் கால்பெட்டியும்: பின்பாட்டுக்காரர் பதில்கள்

காரைக்குடிச் சீமை நாடக மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடிய கலைஞர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

"பாய்ஸ் கம்பெனி நாடகம்னா வண்டி கட்டிக்கிட்டுப் போவோம்" என்று எங்கள் ஐயா சொல்லிக்கொண்டே இருப்பார். அது என்ன கம்பெனி? எங்கே போயிற்று?
*வாசகி, கண்டனூர்*

ஆச்சி, அது ஒரே கம்பெனி இல்லை. சிறுவர்களை மட்டும் வைத்து ஊர் ஊராக நாடகம் போட்ட எல்லாக் கம்பெனிகளையும் ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள். ராஜபார்ட் என்கிற கதாநாயகனும் பையன், ஸ்திரீபார்ட் என்கிற பெண் வேஷமும் பையன். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைதான் இவற்றில் எனக்குத் தலையாயது. சுவாமிகள் அங்கே ஒரே இரவில் உட்கார்ந்து 'அபிமன்யு சுந்தரி' முழு நாடகத்தையும் எழுதிக் கொடுத்தார். வசனமும் பாட்டும் சேர்த்து! 1922-இல் அவர் காலமானார். அவரிடம் பாடம் கேட்ட டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-இல் பால ஷண்முகானந்த சபையை ஆரம்பித்தார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்று இன்னொன்று. எம்.ஜி.ஆரும் நம் பக்கத்துப் புதுக்கோட்டை பி.யு. சின்னப்பாவும் அங்கே வளர்ந்தவர்கள். காரைக்குடி வைரம் அருணாசலம் செட்டியாரும் நாடகக் கம்பெனி நடத்தியவர்தான்.

ஒரு கம்பெனி ஊருக்குள் வந்தால் கொட்டகை போட்டு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கும். சீன் படுதா, உடுப்புப் பெட்டி, சமையல் பாத்திரம், வாத்தியார் என்று ஒரு குடித்தனமே வந்து இறங்கும். அத்தனை பேருக்கும் சோறு போட, தினம் டிக்கெட் விற்றாக வேண்டும். பர்மா, மலேயா, இலங்கையில் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன நகரத்தார் பணம் இங்கே புழங்கிய காலம் அது. 1930 வாக்கில் ரயிலும் வந்துவிட்டது. பாட்டுக் கேட்கிற காதும் இங்கே இருந்தது. கம்பெனிகள் இந்தப் பக்கம் வராமல் இருக்குமா?

அந்தப் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு மனசு கனக்கும். ஏழெட்டு வயதில் அப்பா அம்மாவை விட்டு வந்தவர்கள். விடிந்தால் பாடம், ராத்திரி வேஷம். பதினான்கு, பதினைந்து வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றுவரை ராஜபார்ட் போட்டவன் ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். பிறகு குரல் தெளிந்தவர்கள் பிழைத்தார்கள். தெளியாதவர்கள் எத்தனையோ பேர்.

பேசும் படம் வந்ததும் பாட்டுக்காரர்கள் பலர் அங்கே போனார்கள். தியாகராஜ பாகவதர் மேடையில் பாடிக்கொண்டிருந்த 'பவளக்கொடி' 1934-இல் படமாயிற்று. அதுதான் அவருக்கு முதல் படம். கொட்டகைகள் ஒவ்வொன்றாக சினிமாவுக்கு மாறின. கம்பெனிகள் கலைந்தன. ஆனால் நாடகம் போய்விடவில்லை, ஆச்சி. திருவிழாவுக்குத் திருவிழா நடிகர்களைத் தனித்தனியாக அழைத்துப் போடும் ஸ்பெஷல் நாடகம் அன்றைக்கே இருந்தது. சுவாமிகளின் பாட்டுகளை இன்றுவரை தாங்கி நிற்பது அதுதான்.

தேவகோட்டை ரஸ்தாவில் சினிமா ஸ்டுடியோ இருந்ததாமே?
*வாசகர், தேவகோட்டை*

இருந்தது. காரைக்குடிக்குப் பக்கத்தில்தான் அந்த இடம். ஏ.வி.எம். ஸ்டுடியோவின் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் அங்கே ஒரு நாடகக் கொட்டகையையும் சுற்றியிருந்த இடத்தையும் குத்தகைக்கு எடுத்து ஸ்டுடியோ ஆக்கினார். 1947-இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். மேடை நாடகமாக நடந்த கதை அது. அப்புறம் ஸ்டுடியோ கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது.

ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையே கிடையாது என்கிறார்களே, நம்பலாமா?
*வாசகர், புதுவயல்*

தாராளமாக நம்பலாம். 'வள்ளி திருமணம்' நாடகம் என்றால், முருகன் மதுரையிலிருந்து வருவார், வள்ளி புதுக்கோட்டையிலிருந்து வருவார், நாரதர் வேறு ஊர். ராத்திரி ஒன்பது மணிக்கு மேக்கப் போடும் இடத்தில்தான் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே பாடம் மனப்பாடம். அதனால் தடங்கல் வராது.

மீதி எல்லாம் ஆர்மோனியம் வாசிக்கும் பெட்டிக்காரர் கையில். மேடையோரத்தில் கால்பெட்டி, அதாவது காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம். கால் மிதித்துக்கொண்டே இருக்கும், கை கட்டையில், கண் நடிகர் வாயில். வசனத்தின் கடைசி வரியை இழுத்துப் பேசினால் பாட்டு வருகிறது என்று அர்த்தம். எந்தப் பாட்டு என்று அந்த வரியிலேயே துப்பு இருக்கும். அவர் வாய் திறக்குமுன் ராகத்தைத் தொட்டுக் காட்டிவிட வேண்டும். வள்ளி ஐந்து கட்டை சுதியில் பாடி முடித்த கையோடு, நாரதர் நாலு கட்டை சுதியில் எடுப்பார். இடையில் மிருதங்கக்காரர் தீர்மானம் என்று ஒரு முத்தாய்ப்பு வைப்பார் பாருங்கள், அதற்குள் சுதி மாறியிருக்க வேண்டும். அடி எடுத்துக் கொடுப்பது, மூச்சு வாங்கும்போது பின்பாட்டில் தாங்கிப் பிடிப்பது, எல்லாம் நம் வேலை.

நள்ளிரவு தாண்டினால் வள்ளியும் நாரதரும் தர்க்கம். நாரதர் கேட்பார், வள்ளி மடக்குவார், பாட்டிலேயே சண்டை நடக்கும். இதற்கென்றே தூங்காமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பார்க்கலாம். பபூன் காமிக்குக்கு வரும் கூட்டம் ஒரு மணிக்கே கலைந்துவிடும். தர்க்கம் கேட்க உட்காரும் கூட்டத்துக்காகத்தான் நாங்கள் வாசிப்பது.

நாடக நடிகர் விஸ்வநாத தாஸ் இந்த மேடையிலிருந்துதான் வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடினார், பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31-ஆம் தேதி சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிரை விட்டார். ஸ்பெஷல் நாடகத்தை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு இருபது வயது, ஓரளவு பாடுவேன். நாரதர் வேஷம் கட்ட ஆசை. எங்கே தொடங்குவது?
*வாசகர், கொத்தமங்கலம்*

ரொம்ப சந்தோஷம், தம்பி. வேஷத்தைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். வயதான நாரதர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். மதுரை, புதுக்கோட்டை நடிகர் சங்கங்களில் கேட்டால் வழி சொல்வார்கள். தர்க்கப் பாட்டுகளை அவர் வாயால் சொல்லச் சொல்லி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். செல்போனில் பதிவும் செய்யுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பாட்டு வாத்தியார் எதிரில் உட்கார்ந்து பாடினால்தான் எங்கே இழுப்பது, எங்கே வெட்டுவது என்று பிடிபடும். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் நாடகம் இல்லாத ஊரே இருக்காது. போனால் பெட்டிக்காரர் பக்கத்தில் இடம் பிடியுங்கள். விடிந்து மங்களம் பாடும்வரை எழுந்திருக்க வேண்டாம்.