திறப்பு விழாவில் ஒரு பறவை

அன்புள்ள ஐயா,

என் மச்சான் அம்பாசமுத்திரத்தில் பாத்திரக்கடை வைக்கிறார். அழைப்பிதழில் 'கிராண்ட் இனாகுரேஷன்' என்று போட்டிருக்கிறார். 'ஓபனிங் என்றால் போதாதா, இது என்ன கவர்னர் மாளிகையா?' என்று என் மகள் கேலி செய்கிறாள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள நண்பருக்கு,

நான் உங்கள் மகள் கட்சி. ஆனாலும் மச்சான் போட்டது தப்பில்லை.

கதவைத் திறந்து வியாபாரம் ஆரம்பித்தால் அது ஓபனிங். ஒருவரை அழைத்து, சடங்கோடு, ஊரறியத் தொடங்கி வைத்தால் இனாகுரேஷன். எங்கள் ஊர்ப் பக்கம் வாய்க்கால் மேல் ஒரு சின்னப் பாலம் கட்டினார்கள். வேலை முடிந்து ஆறு மாதமாக டிராக்டரும் பள்ளிக்கூட வேனும் அதன் மேல் போய்க்கொண்டிருந்தன. சிறப்பு விருந்தினருக்கு அப்புறம்தான் தேதி தோதுப்பட்டது. முதல் நாள் ராத்திரி குறுக்கே முள்ளை வெட்டிப் போட்டுப் பாலத்தை அடைத்தார்கள். அடைத்தால்தானே திறக்க முடியும்! இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

ஆளுக்கும் இந்தச் சொல் உண்டு. அமெரிக்க ஜனாதிபதி ஜனவரி 20 அன்று பதவியேற்பது இனாகுரேஷன். பத்திரிகையின் முதல் இதழ் 'இனாகுரல்' இதழ். காய்ச்சல் தொடங்குவதற்கு மட்டும் இதைப் போட்டுவிடாதீர்கள், அதற்கு 'ஆன்செட்' என்று வேறு சொல் இருக்கிறது.

சொல் பிறந்த கதைதான் எனக்குப் பிடித்தது. பழைய ரோமில் 'ஆகர்' என்று ஒரு பூசாரி இருந்தார். ஒரு காரியம் தொடங்கும் முன் கைக்கோலால் வானத்தில் ஒரு பகுதியை எல்லை வகுத்துக்கொண்டு, அதில் பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்று பார்த்துச் சகுனம் சொல்வார். அப்படிக் குறி பார்த்துத் தொடங்குவதற்கு லத்தீனில் இருந்த சொல்தான் இனாகுரேஷன் ஆனது. மங்களகரமானதை 'ஆஸ்பிஷியஸ்' என்கிறோமே, அதற்கும் வேர் பறவை பார்த்தலே. போருக்குப் போகும்போது கோழிகளைக் கூண்டில் கொண்டுபோவார்களாம். தீனியை ஆவலாகக் கொத்தினால் நல்ல சகுனம். கி.மு. 249-இல் ஒரு கடற்போருக்கு முன் கோழிகள் தீனியைத் தொடவில்லை. 'தின்னாவிட்டால் குடிக்கட்டும்' என்று தளபதி கிளாடியஸ் அவற்றைக் கடலில் தூக்கிப் போட்டார் என்று ஒரு கதை. போரில் தோற்றார் என்பது வரலாறு.

நமக்கு இது புதிதா என்ன? 'புள்' என்றால் பறவை, சகுனத்துக்கும் அதே சொல். புறநானூற்றில் பரிசில் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் வள்ளலைக் குறை சொல்வதில்லை, புறப்பட்ட நேரத்துப் புள்ளையும் பொழுதையும்தான் நொந்துகொள்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன், நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் பறவைகள் வந்து கூடு கட்டினால் ஊருக்கு நல்லது என்று இன்றும் நம்புகிறார்கள். அவை மிரண்டுவிடக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. ஆகர் பார்த்திருந்தால் அங்கேயே குடியேறியிருப்பார்.

நமக்கென்று சொற்களும் நிறைய. புதுவீடு என்றால் பால் காய்ப்பு, கோயில் திருவிழா என்றால் கால்நாட்டு, சித்திரை முதல் உழவுக்குப் பொன்னேர் பூட்டு. ஒவ்வொன்றிலும் கை என்ன செய்கிறது என்பது தெரிகிறது. கடைக்கு 'திறப்பு விழா' என்பது கொஞ்சம் வெறுமைதான், ஆனால் ஓலைப்பெட்டி வாங்க வரும் ஆச்சிக்கும் புரியும்.

அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்றால் அப்படியே கொடுக்கச் சொல்லுங்கள். எப்படியும் பஞ்சாங்கம் பார்த்துத்தான் நாள் குறித்திருப்பார், ஆகர் வேலையில் பாதி முடிந்தது. கடை எந்தத் தெருவில் என்று எழுதவில்லையே, எனக்கு ஓர் இட்லிக் கொப்பரை வாங்க வேண்டும்.